பார்த்தால் கார்ட்டூன், உள்ளே வேறு: குழந்தைகள் கைக்கு வந்து சேரும் பெரியவர்களின் கேலிப் படங்கள்



"பிள்ளை கார்ட்டூன்தானே பார்க்குது" என்று சொல்லும்போது நமக்குள் ஒரு நிம்மதி இருக்கிறது. சீரியல் இல்லை, வெட்டுக்குத்துப் படம் இல்லை, டாமும் ஜெர்ரியும், டோராவும், சோட்டா பீமும்தானே என்ற நிம்மதி. கொடுங்கையூரில் பெரும்பாலான வீடுகள் சிறியவை. முத்தமிழ் நகராக இருந்தாலும் கண்ணதாசன் நகராக இருந்தாலும் பிள்ளை ஓடியாட இடம் குறைவு. குப்பைமேட்டுப் புகை அடிக்கிற நாளில் ஜன்னலையும் சாத்திவிடுகிறோம். அத்தா வேலைக்குப் போயிருப்பார், அம்மா அடுப்படியில் இருப்பார். பிள்ளை கையில் செல்போன் இருக்கும். இதில் யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் பிள்ளைக்குத் தெரிந்த அதே கார்ட்டூன் முகங்களை வைத்துப் பெரியவர்களுக்காக எடுக்கப்பட்ட படங்களும் அதே திரையில் வருகின்றன. ரத்தம், கெட்ட வார்த்தை, ஆபாசம், சாவு எல்லாம் அவற்றில் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. இவை என்ன, எங்கிருந்து வந்தன, பிள்ளை கைக்கு எப்படி வருகின்றன, நாம் என்ன செய்யலாம் என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

இது என்ன வகைப் படம்?

எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை எடுத்து, அதைத் தலைகீழாக்கிச் சிரிக்க வைப்பது கேலி. கார்ட்டூனில் அடி வாங்கிய பூனை அடுத்த நொடி எழுந்து ஓடும். "நிஜத்தில் இப்படி அடி விழுந்தால் என்ன ஆகும்?" என்று ஒருவர் யோசித்து, ரத்தமும் எலும்புமாகவே வரைந்து காட்டினால் அது இருண்ட கேலி. அமெரிக்காவின் 'தி சிம்ப்ஸன்ஸ்' தொடருக்குள்ளேயே 'இச்சி அண்ட் ஸ்கிராச்சி' என்று ஓர் எலி, பூனை கார்ட்டூன் வரும். 1940இல் தொடங்கிய டாம் அண்ட் ஜெர்ரி மாதிரியான கார்ட்டூன்களைக் கேலி செய்து, எலி பூனையை அறுத்துப் போடுவது போல எடுத்தார்கள். கார்ட்டூனில் எவ்வளவு அடிதடி இருக்கிறது பாருங்கள் என்று பெரியவர்களுக்குச் சொன்ன கிண்டல் அது.

இந்த வழக்கம் புதிதல்ல. 1971இல் அமெரிக்காவில் சில ஓவியர்கள் மிக்கி மவுஸை வைத்துப் பெரியவர்களுக்கான ஒரு சித்திரப் புத்தகம் போட்டார்கள். டிஸ்னி நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 1978இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் டிஸ்னி பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1999இல் இணையத்தில் 'ஹேப்பி ட்ரீ ஃப்ரெண்ட்ஸ்' வந்தது. முயல், அணில், கரடி எல்லாம் பால்வாடி சுவரில் வரைந்தது போல அழகாக இருக்கும். ஒவ்வொரு கதையிலும் அவை கோரமாகச் சாகும். சிறு குழந்தைகளுக்கு இது ஏற்றதல்ல என்று எடுத்தவர்களே எச்சரிக்கையும் போட்டார்கள்.

சமீப காலத்தில் இது அதிகமானதற்கு ஒரு சட்டக் காரணமும் உண்டு. பழைய கதைகளின் காப்புரிமைக் காலம் முடிந்தால், அவற்றை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். 1926இல் வெளிவந்த 'வின்னி த பூ' புத்தகம் 2022 ஜனவரி 1இல் அமெரிக்காவில் பொதுச்சொத்தானது. மறுவருடமே அந்தக் கரடிக்குட்டியைக் கொலைகாரனாக்கி 'பிளட் அண்ட் ஹனி' என்ற பேய்ப்படம் வந்தது. மிக்கி மவுஸின் 1928ஆம் ஆண்டுப் படமும் 2024 ஜனவரி 1இல் பொதுச்சொத்தானது. அதை வைத்துப் பேய்ப்படம் எடுப்பதாகவும் உடனே அறிவிப்புகள் வந்தன.

2023 அக்டோபரில் மயாமி பக்கம் ஒரு பள்ளியில் 4ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்தக் கரடிப் படத்தையே வகுப்பில் போட்டுவிட்டார்கள். பாதியில்தான் நிறுத்தினார்கள். பயந்துபோன பிள்ளைகளிடம் மனநல ஆலோசகர் பேச வேண்டியிருந்தது. படித்தவர்கள் இருக்கிற பள்ளியிலேயே இப்படி நடக்கிறதென்றால், சோறு ஊட்டும் அவசரத்தில் செல்போனை நீட்டுகிற தாயைக் குற்றம் சொல்ல முடியாது.

நம் வீட்டுக்கு முன்பே வந்த ஒரு பாடம்: ஷின்சான்

ஷின்சானைத் தெரியாத பிள்ளை இல்லை. அது கேலிப் படம் அல்ல. ஆனால் பெரியவர்களுக்காக உருவான ஒன்று குழந்தை உருவத்தில் இருப்பதாலேயே குழந்தைகளிடம் போய்ச் சேர்ந்த கதைக்கு அதைவிட நல்ல உதாரணம் இல்லை. யோஷிடோ உசுய் என்ற ஜப்பானிய ஓவியர் 1990இல் பெரியவர்கள் படிக்கும் ஒரு சித்திர இதழில் அதைத் தொடங்கினார். ஐந்து வயதுப் பையன் பெரியவர்களைச் சங்கடப்படுத்துகிற மாதிரி பேசுவதுதான் அதன் நகைச்சுவை.

2006இல் ஹங்காமா சேனலில் அது இந்தி, தமிழ், தெலுங்கு மொழிகளில் வந்தது. பிள்ளைகள் பெற்றோரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், எதிர்த்துப் பேசுகிறார்கள், துணியைக் கழற்றி ஆடுகிறார்கள் என்று நாடு முழுவதும் புகார் எழுந்தது. 2008இல் மத்திய அரசு அதை நிறுத்தியது. மறு வருடம் சில காட்சிகள் வெட்டப்பட்டு மீண்டும் வந்தது.

இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. ஒன்று, வரைந்த படம் என்பதாலேயே அது குழந்தைகளுக்கானது ஆகிவிடாது. இரண்டு, டிவி சேனல் என்றால் புகார் சொல்ல ஓர் இடம் இருக்கிறது, நிறுத்தவும் வெட்டவும் ஆள் இருக்கிறது. செல்போனில் அப்படி ஒரே வாசல் கிடையாது.

2017இல் வெளிச்சத்துக்கு வந்தது

குழந்தைகளுக்கென்றே யூடியூப் கிட்ஸ் என்ற செயலி 2015இல் அமெரிக்காவிலும், 2016இல் இந்தியாவிலும் வந்தது. 2017இல் பி.பி.சி., நியூயார்க் டைம்ஸ் போன்ற செய்தி நிறுவனங்கள் ஒரு விஷயத்தை எழுதின. பெப்பா என்ற கார்ட்டூன் பாத்திரம் பல் டாக்டரிடம் சித்திரவதைப்படுவது போல வீடியோக்கள் இருந்தன. எல்சா, ஸ்பைடர்மேன் வேடத்தில் ஊசி, கடத்தல், அசிங்கம் என்று வீடியோக்கள் இருந்தன. 'பா பட்ரோல்' நாய்க்குட்டிகள் சாகிற ஒரு வீடியோவை மூன்று வயதுப் பிள்ளை அந்தக் குழந்தைகள் செயலியிலேயே பார்த்துவிட்டது. எல்சாவின் பெயரை வைத்து இந்த விவகாரத்தை 'எல்சாகேட்' என்று அழைத்தார்கள்.

அந்த நவம்பரில் யூடியூப் 50க்கும் மேற்பட்ட சேனல்களை மூடி, ஆயிரக்கணக்கான வீடியோக்களை நீக்கியது. 2019இல், குழந்தைகளின் தகவல்களைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் சேகரித்ததற்காக, கூகுளும் யூடியூபும் அமெரிக்காவில் 17 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டன. 2020 ஜனவரியிலிருந்து, தன் வீடியோ குழந்தைகளுக்கானதா இல்லையா என்று போடுகிறவரே அறிவிக்க வேண்டும் என்ற விதி வந்தது. குழந்தைக்கானது போல ஏமாற்றி வன்முறையும் ஆபாசமும் காட்டும் வீடியோவுக்கு யூடியூபில் இப்போது தடை இருக்கிறது. ஆனால் தடை இருக்கிறது என்பதற்காக ஒன்றுகூட வராது என்று சொல்ல முடியாது. ஒன்றை நீக்கினால் வேறு பெயரில் இன்னொன்று வருகிறது.

இங்கே இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். "இது பெரியவர்களுக்கு" என்று வெளிப்படையாகச் சொல்லி எடுக்கும் கேலி ஒரு வகை. நமக்குப் பிடிக்கிறதோ இல்லையோ, அதை எடுத்தவர் பிள்ளைகளைக் குறி வைக்கவில்லை. பிள்ளைகள் பார்க்க வேண்டும், பார்த்தால் விளம்பரக் காசு வரும் என்றே குழந்தைப் படம் போல வேடமிட்டு வருவது இன்னொரு வகை. அதுதான் மோசம்.

தமிழில் எப்படி வருகிறது?

தமிழில் அதிகம் வருவது குரல் மாற்றம். டாம் அண்ட் ஜெர்ரி, டோரேமான், சோட்டா பீம் காட்சிகளை எடுத்து வேறு வசனம் ஒட்டிவிடுகிறார்கள். வடிவேலு வசனத்தைப் பூனைக்கு வைத்தால் வீடே சிரிக்கும். அதில் ஒன்றும் கெடுதல் இல்லை. ஆனால் அதே காட்சிக்கு அம்மாவைப் பழிக்கும் வார்த்தைகளையும், குடி, பெண்கள் பற்றிய கொச்சைப் பேச்சையும் ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். முகப்புப் படத்தில் வெறும் பூனையும் எலியும்தான் தெரியும். ஒலியைக் கேட்டால்தான் விஷயம் புரியும். பிள்ளை காதில் இயர்போன் இருந்தால் நமக்கு எதுவும் தெரியப்போவதில்லை.

இப்படிக் கெட்ட வார்த்தை பேசும் வீடியோக்களில் சிலவற்றுக்கு "மெட்ராஸ் பாஷை", "வடசென்னை வெர்ஷன்" என்றெல்லாம் பெயர் வைக்கிறார்கள். நம் பகுதியின் பேச்சு உழைக்கிற மக்களின் பேச்சு. அதில் பாசமும் மரியாதையும் கிண்டலும் எல்லாம் உண்டு. வசவுச் சொல்லுக்கு மட்டும் நம் பகுதியின் பெயரை ஒட்டுவதை நம் பிள்ளைகளும் உண்மை என்று நம்பி வளரக் கூடாது.

பிள்ளைக்கு ஏன் பிரித்துப் பார்க்கத் தெரியாது?

கேலி புரிய வேண்டுமானால் முதலில் அசல் தெரிய வேண்டும். அடுத்து, இது அசல் இல்லை என்று தெரிய வேண்டும். பிறகு, எடுத்தவர் ஏன் இப்படி மாற்றினார் என்று ஊகிக்க வேண்டும். பெரியவர்கள் இந்த மூன்றையும் ஒரே நொடியில் செய்துவிடுகிறோம். நான்கு வயதுப் பிள்ளையால் முதல் படியைத் தாண்ட முடியாது. அதற்கு டோரா என்றால் டோராதான். நேற்று பாட்டுப் பாடிய டோரா இன்று கத்தியோடு வந்தால், அது வேறு யாரோ வரைந்த டோரா என்று பிள்ளைக்குத் தோன்றாது. தனக்குத் தெரிந்த ஒருவர் மாறிவிட்டார் என்றே தோன்றும்.

அதனால்தான் சாதாரணப் பேய்ப்படத்தைவிட இது பிள்ளையை அதிகம் உலுக்கலாம். பேயைப் பார்த்தால் பிள்ளை கண்ணை மூடிக்கொள்ளும். தனக்குப் பிடித்த பொம்மையைப் பார்த்துக் கண்ணை மூட அதற்குத் தோன்றாது. அந்த பொம்மை படுக்கை விரிப்பிலும், ஸ்கூல் பையிலும், தண்ணீர் பாட்டிலிலும் இருக்கிறது. பயமும் அங்கெல்லாம் கூடவே வரும்.

செயலி ஏன் இதைக் கொண்டுவந்து காட்டுகிறது?

யூடியூப் அடுத்த வீடியோவைத் தேர்ந்தெடுப்பது மனிதர் அல்ல, ஒரு கணக்கு முறை. தலைப்பில் என்ன சொற்கள், இதைப் பார்த்தவர்கள் அடுத்து எதைப் பார்த்தார்கள், எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதை வைத்து அது முடிவு செய்கிறது. டோரா பார்த்த பிள்ளைக்கு, தலைப்பில் டோரா என்றிருக்கும் இன்னொன்றைக் காட்டும். படிக்கத் தெரியாத பிள்ளை தலைப்பைப் பார்ப்பதில்லை, படத்தைப் பார்த்துத் தொடுகிறது. தொடாவிட்டாலும் அடுத்த வீடியோ தானாக ஓடும். சிறு பிள்ளை ஒரே வீடியோவைப் பத்து தடவை பார்க்கும். கணக்கு முறைக்கு அது பத்துப் பார்வை. ஷார்ட்ஸ் வந்தபிறகு விரலால் தள்ளினால் போதும்.

இன்னொரு காரணமும் நம் வீட்டிலேயே இருக்கிறது. ஒரே செல்போனை அத்தா, அண்ணன், தங்கை எல்லோரும் பார்க்கிறார்கள். இரவில் கல்லூரி படிக்கும் அண்ணன் பார்த்துச் சிரித்த கேலி வீடியோவை வைத்து, காலையில் தங்கைக்கும் அதே மாதிரி ஒன்றை நீட்டிவிடும். செயலிக்கு அது ஒரே ஆள்தான்.

சட்டம் எவ்வளவு தூரம் காக்கும்?

2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஓ.டி.டி. தளங்கள் ஒவ்வொரு படத்துக்கும் வயது வகை போட வேண்டும். எல்லோரும் பார்க்கலாம், 7 வயதுக்கு மேல், 13க்கு மேல், 16க்கு மேல், பெரியவர்களுக்கு மட்டும் என்று ஐந்து வகை. 13க்கு மேற்பட்ட வகைகளுக்குப் பெற்றோர் பூட்டுப் போடும் வசதி இருக்க வேண்டும்.

யூடியூபில் யாரோ போடும் வீடியோவுக்கு இந்த ஐந்து வகை முத்திரை கிடையாது. ஆனால் அதே விதிகளின்படி பெரிய தளங்கள் குறைதீர் அதிகாரி வைத்திருக்க வேண்டும். புகார் கிடைத்ததை 24 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, குறித்த காலத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஆகவே பார்த்ததும் திட்டிவிட்டு மூடாமல், வீடியோவின் கீழே உள்ள 'ரிப்போர்ட்' பொத்தானை அழுத்தி, குழந்தைகள் தொடர்பான காரணத்தைத் தேர்ந்தெடுங்கள். அரை நிமிட வேலைதான். அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் அது பாதுகாப்பு.

வீட்டில் இன்றே செய்யக்கூடியவை

1. எட்டு, பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு சாதாரண யூடியூபைத் தராதீர்கள். யூடியூப் கிட்ஸ் செயலியை ஏற்றி, வயதுப் பிரிவைச் சரியாகப் போடுங்கள். 4 வயது வரை, 5 முதல் 8, 9 முதல் 12 என்று மூன்று பிரிவுகள் உள்ளன.

2. அதே செயலியில், நாம் அனுமதித்த வீடியோக்களும் சேனல்களும் மட்டும் வரும்படி அமைக்கலாம். சிறு பிள்ளைக்கு இதுவே சிறந்த வழி. தேடும் வசதியையும் நிறுத்திவிடலாம்.

3. யூடியூபில் தானாக ஓடும் 'ஆட்டோபிளே'யை அணைத்து வையுங்கள். பெரியவர்கள் பார்க்கும் கணக்கு வேறு, பிள்ளை பார்க்கும் கணக்கு வேறு என்று பிரித்துவிடுங்கள்.

4. இயர்போன் வேண்டாம். ஒலி வெளியே கேட்கட்டும். அடுப்படியில் இருந்தாலும் காது காவல் காக்கும்.

5. பூட்டிய அறையிலோ போர்வைக்குள்ளோ செல்போன் வேண்டாம், கூடத்தில் பார்க்கட்டும்.

6. நேரத்தைக் குறையுங்கள். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் அறிவுரை: 2 வயது வரை திரையே வேண்டாம், 2 முதல் 5 வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், 5 முதல் 10 வயது வரை இரண்டு மணி நேரத்துக்கு உள்ளே.

7. படிக்கத் தெரிந்த அண்ணன், அக்காவைத் துணைக்குச் சேருங்கள். செயலியின் அமைப்பு அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். "தங்கச்சி பார்க்கிற போனுக்கு நீதான் பொறுப்பு" என்று சொன்னால், தான் பார்ப்பதிலும் கவனம் வரும்.

பிள்ளை ஏற்கெனவே பார்த்துவிட்டால்

முதலில் அடிக்காதீர்கள், கத்தாதீர்கள். அடி வாங்கிய பிள்ளை கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான்: அடுத்த முறை சொல்லக் கூடாது. அந்தக் கதவு சாத்திவிட்டால் பெரிய ஆபத்து வரும்போதும் பிள்ளை நம்மிடம் வராது.

பக்கத்தில் உட்கார வைத்து, "என்ன பார்த்தே, சொல்லு ராஜா" என்று கேளுங்கள். முழுவதும் சொல்ல விடுங்கள். பிறகு எளிமையாகச் சொல்லுங்கள்: "அது நிஜ டோரா இல்லம்மா. யாரோ பெரியவங்க விளையாட்டுக்கு வரைஞ்சது. சின்னப் பிள்ளைங்களுக்கு இல்ல. நீ தப்புப் பண்ணல. இனிமே இந்த மாதிரி வந்தா உடனே போனைக் கவிழ்த்து வெச்சிட்டு என்கிட்ட வா." பிள்ளைக்குத் தேவையானது இவ்வளவுதான். பிள்ளை புது வசவுச் சொல்லைப் பேசினால், அதன் பொருள் பிள்ளைக்குத் தெரியாது என்பதை நினைவில் வையுங்கள். சிரிக்கவும் வேண்டாம், அதிரவும் வேண்டாம். "இது மத்தவங்க மனசை நோகடிக்கிற வார்த்தை, நம்ம வீட்டுல பேச மாட்டோம்" என்று ஒரே குரலில் சொல்லுங்கள்.

தூக்கத்தில் அலறுவது, தனியே கழிவறை போக மறுப்பது, பிடித்த பொம்மையைத் தூக்கி எறிவது, விளையாட்டில் திரும்பத் திரும்ப வெட்டுவது, சாவது போல நடிப்பது இவையெல்லாம் பயத்தின் அடையாளமாக இருக்கலாம். சில நாளில் சரியாகிவிட்டால் கவலையில்லை. வாரக்கணக்கில் தொடர்ந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. மனநல ஆலோசனைக்கு அரசின் டெலி மானஸ் எண் 14416, குழந்தைகள் உதவி எண் 1098. இரண்டும் கட்டணமில்லாதவை. மனநல மருத்துவரிடம் போவதால் பிள்ளைக்கு எந்தப் பெயரும் கெட்டுவிடாது.

வதந்தியையும் தடுப்போம்

இந்த விஷயத்தில் எதிர்ப்பக்கத் தவறும் நடக்கிறது. 2018, 2019இல் 'மோமோ சவால்' என்று ஒரு பயம் உலகம் முழுவதும் பரவியது. பிதுங்கிய கண்ணுடைய ஓர் உருவம் குழந்தை வீடியோவுக்கு நடுவே வந்து தற்கொலை செய்யச் சொல்கிறது என்றார்கள். அந்த உருவம் ஜப்பானியக் கலைஞர் ஒருவர் கண்காட்சிக்காகச் செய்த சிலை. செய்தி சரிபார்ப்பவர்கள் விசாரித்தபோது, சொன்ன மாதிரி நடந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் பெரியவர்கள் வாட்ஸ்அப்பில் அந்தப் படத்தை அனுப்பி அனுப்பியே, பார்க்காத பிள்ளைகளும் பார்த்துப் பயந்துபோனார்கள்.

வந்த செய்தியை விசாரித்து உறுதி செய்துகொள்ளும்படி அல் ஹுஜுராத் அத்தியாயத்தில் நமக்குக் கட்டளை இருக்கிறது. "இந்த கார்ட்டூனைப் பார்த்து ஒரு பிள்ளை இறந்துவிட்டது, எல்லோருக்கும் அனுப்புங்கள்" என்று வந்தால், அனுப்புவதற்கு முன் விசாரியுங்கள். மோசமான வீடியோவைக் கண்டால் அதையே குரூப்பில் போட்டு எச்சரிக்காதீர்கள். சேனலின் பெயரை மட்டும் சொல்லி, தடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

எல்லா கார்ட்டூனும் கெட்டது என்று பிள்ளையிடமிருந்து பிடுங்கிவிட வேண்டியதில்லை. எண், எழுத்து, நட்பு, பொறுமை என்று நல்லதைச் சொல்லித்தரும் கார்ட்டூன்கள் நிறைய உண்டு. பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் தந்த அமானிதம். ஒரு நாளைக்குப் பத்து நிமிடமாவது பிள்ளையோடு உட்கார்ந்து, அது பார்ப்பதை நாமும் பார்ப்போம். என்ன பிடித்தது, ஏன் பிடித்தது என்று கேட்போம். எந்தப் பூட்டும் தராத பாதுகாப்பு அந்தப் பேச்சில் கிடைக்கும், இன்ஷா அல்லாஹ்.